நீலப் பெட்டையின் இரைப்பை

என் கணவர் மொட்டைமாடிப் படியில் வழுக்கி விழுந்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்ட அன்றுதான் நான் முதல்முறையாக அவருடைய புறாக்கூண்டுக்குள் போனேன். அதுவரை துணி காயப்போட மாடிக்குப் போவதோடு சரி. கரமனையில் ஆற்றை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோதே மாடியில் புறாக்கள் இருந்தன. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்றுவிட்டு வருகிற மனிதர், சாயங்காலம் மேலே போய் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது அவருடைய இடம் என்று விட்டிருந்தேன்.

ஐப்பசியில் பிடித்த துலாமழை ஓய்ந்துகொண்டிருந்த சமயம். படியெல்லாம் பாசி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று மாதத்துக்குக் கால் தரையில் ஊன்றக்கூடாது, மாடிப்படியை மறந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவர் முதலில் சொன்னது இதுதான்: "புறாவுக்கு இன்னும் இரை வெக்கல்ல."

மகள் வெளியூரில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அவர் கீழே கட்டிலிலிருந்து வீடியோவில் வந்தார்.

"உடனே உள்ள கேறாதே. வாசல்ல நின்னு டப்பாவைக் குலுக்கு. சத்தம் கேட்டாத்தான் அதுகளுக்கு உன்னைப் பேடி இருக்காது, பயந்து சிதறாது."

குலுக்கினேன். கூண்டுக்குள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த குமுறல் சட்டென்று நின்றது. பிறகு முப்பது ஜோடிச் சிறகுகள் ஒரே நேரத்தில் இறங்கிய காற்று என் முகத்தில் அடித்தது. கால்விரல் மேல் ஏறி நின்று, மெட்டியைத் தானியம் என்று நினைத்துக் கொத்தின. தவிட்டு வாசனையும் மழையில் நனைந்த மர வாசனையும் கலந்து வந்தது. நாற்றமாக இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"ஒண்ணைக் கையில எடுத்துப் பாரு. அந்த நீலப் பெட்டை, சின்னது, அது ஒண்ணும் செய்யாது."

இரண்டு விரலுக்கு நடுவில் கால்களை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சிறகை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் சொன்னபடி பிடித்தேன். உள்ளங்கையில் அது உட்கார்ந்திருந்தது எனக்கு நம்பமுடியாததாக இருந்தது. பார்வைக்கு இருந்த பருமனுக்கும் கையில் இருந்த கனத்துக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத பஞ்சுப்பொதி மாதிரி இருந்தது. ஆனால் நெஞ்சுப் பக்கம் விரலை வைத்தால் இறுகின சதை, அதற்கு அடியில் இதயம் அடிக்கிற வேகம். அது பயப்படவில்லை, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதே அதற்கு அந்த வேகம்.

நான் பள்ளியிலும் கல்லூரியிலும் இருநூறு மீட்டர் ஓடியவள். ஓட்டம் முடிந்து புல்லில் விழுந்து கிடக்கும்போது என் நெஞ்சு அப்படி அடித்தது உண்டு. அதை உயிரின் எல்லை என்று நினைத்திருந்தேன். இந்தப் பறவைக்கு அது உட்கார்ந்திருக்கும் நிலை.

நான் கீழே வந்ததும் அவர், "இந்த வருஷம் பந்தயம் ஒண்ணும் வேண்டாம். உயிரோட இருந்தா மதி, அது போதும்," என்றார்.

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க," என்றேன்.

"காலையிலே ஆபீசுக்குப் போகணும்லா உனக்கு?"

"அதுக்கு முன்னால ஏறி இறங்கிட்டாப் போச்சு."

அப்படித்தான் தொடங்கியது. தை பிறந்தால் குறுந்தூரப் பந்தயங்கள் வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற பந்தயங்கள். அவற்றுக்குத் தீனி வைப்பது ஒரு தனிக் கணக்கு என்று அவர் கட்டிலில் இருந்தபடி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தூரப் பந்தயத்துக்கு நிலக்கடலையும் எண்ணெய் வித்தும் வேண்டும், அது மெதுவாக நின்று எரிகிற விறகு. குறுந்தூரத்துக்குச் சுள்ளி போதும், சட்டென்று பற்ற வேண்டும். ஆகவே பார்லி, நெல், சோளம், கோதுமை, கடைசியில் மக்காச்சோளம். பயறு வகைகள் சதைக்கு. பறந்து களைத்து வந்த பிறகு கொஞ்சம் பட்டாணியும் சிறுபயறும் கொடுத்தால் போதும், பந்தயத்துக்கு முன்னால் அதிகம் கொடுத்தால் உடம்பு கனத்துப்போகும். வாரத்தின் தொடக்கத்தில் பெரும்பகுதி பார்லி. அது குடலைத் துடைத்தெடுத்து உடம்பை லேசாக்கும். புறாக்களுக்குப் பார்லி பிடிக்காது. மற்றதையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டுக் கடைசியாகத்தான் அதைத் தொடும். தரையில் பார்லி மிஞ்சினால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம்.

சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு நாகர்கோவில்காரரின் தானியக் கடை. பழவங்காடியில் பஸ் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அங்கே போவேன். ஏழு விதத் தானியத்தை நான் தனித்தனியாக உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்ப்பதைக் கண்டு கடைக்காரர், "அக்கா, கஞ்சிக்கா, விதைக்கா?" என்றார். புறாவுக்கு என்றேன். "அதுக்கா இந்தப் பாடு? நம்ம வீட்டுல என்ன போட்டாலும் நான் திங்கணும்," என்று சொல்லிச் சிரித்தார். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் ஒன்று இருந்தாலும் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கணவரின் உத்தரவு. இந்த ஊர் ஈரத்தில் எதுவும் பூக்கும். வீட்டில் வெயில் வரும்போதெல்லாம் பழைய சேலையில் தானியத்தைப் பரப்பிக் காயவைத்தேன்.

எச்சத்தைப் பார்த்தே அவர் எல்லாவற்றையும் சொல்வார். காலையில் கூண்டைச் சுரண்டும்போது போனை அதன் மேல் பிடிக்க வேண்டும். சின்ன உருண்டையாக, உச்சியில் வெள்ளைத் தொப்பியோடு, பக்கத்தில் ஒரு பஞ்சு இறகு ஒட்டியிருந்தால் அவருக்குச் சந்தோஷம். "அது நல்லதாக்கும்," என்பார். காபி குடித்துக்கொண்டே பார்ப்பார். நான் முதல் வாரம் முகத்தைச் சுளித்தேன். பிறகு நானே அந்த வெள்ளைத் தொப்பியைத் தேட ஆரம்பித்தேன்.

பழக்கப் பறத்தலுக்குப் புறாக்களைக் கொண்டுபோக ஆள் வேண்டும். தோவாளையிலிருந்து விடியற்காலையில் பூ ஏற்றிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு வருகிற வேன் ஓட்டுநர் ஒருவரை என் கணவருக்குத் தெரியும். பூவை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது நம் கூடையை எடுத்துப்போய்த் தோவாளையில் திறந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை காலை நான் ஆட்டோவில் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேனுக்குள் இன்னும் பிச்சிப்பூ வாசனை இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து ஓட்டுநர் அழைத்தார். "விட்டாச்சு அக்கா. ஒரு சுத்து சுத்திச்சு. பிறகு நேரா வடமேக்கப் பாத்துப் போயிட்டு."

நான் சமையலறையில் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். சாம்பார் வைத்து, அவருக்குக் குளிக்க வெந்நீர் எடுத்துக் கொடுத்து, துணியை அலசிப் பிழிந்துகொண்டு மாடிக்குப் போனால் அவை தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றேன். நாகர்கோவில் ரயிலைப் பிடித்து, இரணியல், குழித்துறை, பாறசாலை என்று நின்று நின்று நான் எத்தனையோ தடவை வந்த வழி அது. யாரும் காட்டிக்கொடுக்காமல், ஒருநாளும் பார்த்திராத ஒரு பூச்சந்தையிலிருந்து, இந்த மாடியின் அளவேயான ஓரிடத்துக்கு அவை வந்திருந்தன.

ஆனால் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்து இறகு கோதின. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "சேச்சி, உங்க ஆளுக எல்லாம் இவிட ரெஸ்டாக்கும்," என்றார். டப்பாவைக் குலுக்கினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தயத்தில் கூண்டுக்குள் கால் வைக்கிற நேரம்தான் கணக்கு. தொட்டியில் உட்கார்ந்திருப்பதெல்லாம் நஷ்டம்.

கீழே போய்ச் சொன்னேன். "எப்பவும் இதுதான் பாடு," என்றார் அவர். "பறக்கிறதிலே ஒரு குறையும் இல்ல. இறங்கத்தான் மடி."

"நேத்து வயிறு நிறைய வெக்கச் சொன்னீங்கள்லா. அதான்."

"பின்னே பட்டினியா போட்டு விடச் சொல்றியா? அவ்வளவு தூரம் வரணும்."

"பட்டினி இல்ல. ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நாங்க நல்லா சாப்பிடுவோம், ராத்திரி கொஞ்சமா. காலையில ஒண்ணும் இல்ல. வயித்துல சோறு கெடந்தா காலு எந்திரிக்காது."

"அது மனுஷங்க, கேட்டியா. இது பறவை."

அவர் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் புறா வளர்க்கிறவர். அவருக்குத் தெரியாதது இல்லை. எந்தத் தானியம் எதற்கு என்று எனக்குச் சொன்னதே அவர்தான். ஆனால் பசித்த ஒன்றின் முன்னால் டப்பாவை மூட அவருக்கு வராது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான், போதும் என்று இலையை மூடினாலும் இன்னும் ஒரு கரண்டி வைப்பார்.

கடைசியில், "நீதானே மேல நிக்கிறது. நீயே பாரு," என்றார்.

அளவை நான் குறைத்தேன். காலையில் கொஞ்சம், சாயங்காலம் அதைவிடச் சற்று அதிகம். மொத்தமாகக் கொட்டாமல் பிடி பிடியாகப் போட்டேன். முதல் புறா தின்பதை விட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போனதும் நிறுத்திவிடுவேன். அந்த இடத்தில் நிறுத்துவது கடினமாகத்தான் இருந்தது. மற்றவை அண்ணாந்து என் கையைப் பார்க்கும். படி இறங்கும்போது அந்தக் கண்கள் கூடவே வரும். வாரக் கடைசியில் பார்லியைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டினேன். தை பாதியில் மாற்றம் கையில் தெரிந்தது. எடுத்தால் எடை தெரியாமல் மேலே எழும்பின. நெஞ்சுச் சதை இருபுறமும் உருண்டு, இறகை ஊதி விலக்கிப் பார்த்தால் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. காலையில் திறந்துவிட்டால் கைதட்டுகிற மாதிரி சத்தத்தோடு கிளம்பி, நான் பல் தேய்த்து முடிக்கும்வரை கண்ணுக்கே தெரியாமல் எங்கோ போய்விட்டுத் திரும்பின. ஓடுவதற்கென்றே உடம்பு ஒன்று உண்டாகிவருவதை நான் வெளியிலிருந்து பார்த்தது அதுவே முதல்முறை. எனக்கு அது நடந்தபோது நான் அதன் உள்ளே இருந்தேன், பார்க்கவில்லை.

அடுத்தமுறை தோவாளையிலிருந்து வந்தவை தொட்டியில் உட்காரவில்லை. டப்பாச் சத்தத்துக்கு மழை மாதிரி இறங்கின. கீழே இருந்து அவர், "என்ன ஆச்சு, சத்தமே இல்லையே?" என்று கேட்டார். "உள்ள வந்தாச்சு," என்றேன்.

பந்தயம் கோவில்பட்டியிலிருந்து. முந்தின நாள் மத்தியானம் கடைசித் தீனி, மக்காச்சோளமும் கொஞ்சம் நெல்லும். சாயங்காலம் புறாப் பந்தயச் சங்கத்து வண்டி வந்து கூடைகளை எடுத்துப் போனது. நான்கு புறாக்களை அனுப்பினோம். நீலப் பெட்டை அதில் ஒன்று.

காலையில் திறந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. கோவில்பட்டியில் வெயில். எங்களுக்குக் கிழக்கே மலை முழுவதும் மேகம். விதுரா, பொன்முடிப் பக்கம் கறுத்துக் கிடந்தது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவை வர வேண்டும். என் கணவரை முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தேன். இரண்டு தென்னைக்கு நடுவே அவருக்குக் கிடைத்தது ஒரு துண்டு ஆகாயம்தான். நான் மாடியில் நின்றேன்.

"வல்லதும் தெரியுதா, ஒண்ணாவது?" என்று கீழே இருந்து கேட்பார்.

"இல்ல."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்பார். எல்லாம் பருந்தும் காகமும்தான். கண் பூத்துப்போய்க் குனிந்து கண்ணைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது தென்னை உயரத்துக்கும் கீழே ஒரு கரும்புள்ளி நேரே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. வட்டம் போடவில்லை. சிறகை மடக்கி, கல் விழுகிற மாதிரி கூண்டு வாசல் பலகையில் வந்து இறங்கி உள்ளே போனது. காலில் இருந்த வளையம் பலகையில் பட்டதும் பந்தயத்துக்கு நேரம் பதிகிற கடிகாரம் பீப் என்றது.

"யாரு?" என்றார் கீழே இருந்து.

"நீலப் பெட்டை."

உள்ளே போனேன். வந்த புறாவுக்கு முதலில் தேன் கலந்த தண்ணீர், பிறகு ஒரு பிடி பார்லி. அது ஆவலாகத் தண்ணீரில் அலகை முக்கி உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச அதன் மார்பு நனைந்தது. பிறகு பார்லியைக் கொத்தியது. விழுங்கிய மணிகள் ஒவ்வொன்றாக அதன் கால்களுக்கு நடுவே தரையில் விழுந்தன.

எனக்குப் புரியவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தடியில் இறகு கொத்தாகப் போயிருந்தது. தோல் என் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிந்து, அதற்குள் விழுங்கிய இரை முதலில் தங்குகிற இரைப்பையும் திறந்திருந்தது. மலையில் எங்கோ வல்லூறு அடித்திருக்க வேண்டும். அந்தக் காயத்தோடு அது மேகத்தைத் தாண்டி, காட்டைத் தாண்டி, இந்த நகரத்தின் இத்தனை கூரைகளுக்கு நடுவில் தன் பலகையைத் தேடி வந்து, வழக்கம்போல இரை தின்ன உட்கார்ந்திருக்கிறது. கையில் பிடித்தபடி படியிறங்கினேன். அதன் இதயம் அன்றைக்குப் போலவே அடித்துக்கொண்டிருந்தது.

அவர் பார்த்தார். முகம் மாறியது, குரல் மாறவில்லை. "பேடிக்க வேண்டாம். ஊசியும் வெள்ளை நூலும் எடு. தண்ணியில கொதிக்க வை. மஞ்சப்பொடி வேண்டாம், அந்த மருந்துப் பாட்டில் இருக்குல்லா, காயத்துக்குப் போடுறது, அது போதும்."

"டாக்டர்ட்ட கொண்டு போலாமா?"

"ஞாயிற்றுக்கிழமை யாரு இருப்பா? காஞ்சு போனா தைக்க முடியாது. நீ பிடி, நான் தைக்கிறேன்."

முற்றத்து வெளிச்சத்தில் அதை மடியில் மல்லாத்திப் பிடித்தேன். மின்கம்பி திருகி, பல்சக்கரம் மாற்றிக் காய்த்துப்போன விரல்கள் அவருக்கு. அந்த விரல்களால் முதலில் உள்ளே இருந்த மெல்லிய பையை மட்டும் தைத்தார். வெங்காயத் தோல் மாதிரி இருந்தது அது. அதன்மேல் தோலைத் தனியாகத் தைத்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு இரை இறங்காது என்று முணுமுணுத்தார். அது கத்தவில்லை. ஒருமுறை மட்டும் என் விரலைக் காலால் இறுக்கிப் பிடித்தது.

நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "இரைப்பை காலியா இருந்தது நல்லதாப் போச்சு," என்றார். "நிறைஞ்சு கிடந்திருந்தா அடிச்ச அடியில மொத்தமாக் கிழிஞ்சிருக்கும்." சற்று நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல், "நீ சொன்னது சரிதான்," என்றார்.

மற்ற மூன்றும் அதற்குள் தாமாகவே வந்து உள்ளே போயிருந்தன. நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. மத்தியானம் சங்கத்திலிருந்து போன் வந்தது. நகரத்துக் கூண்டுகள் எல்லாவற்றிலும் எங்கள் நீலப் பெட்டை மூன்றாவது. அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சமையலறை மூலையில் அட்டைப்பெட்டிக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் சத்தம் போடாமல் சாப்பிட்டோம்.

முதலில் சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர். பிறகு ஊறவைத்துத் தோல் நீக்கிய சிறுபயறு, ஒவ்வொன்றாக அலகைத் திறந்து. ஆபீசுக்குப் போகும் முன்னால் நானும், மத்தியானம் அவரும் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் தையலில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்போம். கசியவில்லை. சில நாளில் அது தானாகவே கொத்தத் தொடங்கியது. அப்போதும் பார்லியைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார், விழுந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

மாசி முடிவதற்குள் அவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார். தீனி வைக்கிற வேலை என்னிடமே இருக்கட்டும் என்று அவராகவே சொல்லிவிட்டார். நீலப் பெட்டையை இனிப் பந்தயத்துக்கு விடுவதில்லை என்று இரண்டு பேரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். கோடை வெயில் ஏறின பிறகு அதை ஒரு சாம்பல்நிறச் சேவல் புறாவோடு தனிக்கூட்டில் விட்டார். இரண்டு முட்டை இட்டது. சேவலும் பெட்டையும் மாறி மாறி அடைகாத்தன.

"அதுக்குப் பால் சுரக்குமோ என்னவோ," என்றார் ஒருநாள். எனக்கு அப்போதுதான் தெரியும், புறாக்கள் குஞ்சுக்குத் தானியம் கொடுப்பதில்லை, இரைப்பையின் சுவரில் சுரக்கிற பாலைத்தான் முதலில் கொடுக்கின்றன என்று. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நாம் வைக்கிற எந்தத் தானியத்திலும் அது கிடையாது. பெட்டைக்குச் சுரக்காமல் போனாலும் சேவல் பார்த்துக்கொள்ளும் என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டார்.

குஞ்சு பொரித்த மறுநாள் காலை நான் மாடிக்கு ஏறியபோது அவர் ஏற்கெனவே கூட்டின் முன்னால் குந்தியிருந்தார். கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் திறக்காத இரண்டு மஞ்சள் குஞ்சுகள் நீலப் பெட்டையின் வாய்க்குள் அலகை விட்டுக்கொண்டிருந்தன. அது கழுத்தை வளைத்து, உடம்பு முழுவதும் அதிர, உள்ளேயிருந்து தள்ளித் தள்ளிக் கொடுத்தது. ஒரு குஞ்சின் அலகோரத்தில் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. தையல் போட்ட இடத்தில் இறகு சற்றுக் கோணலாக முளைத்திருந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அந்தத் தழும்பு விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.